வரிசையில் எத்தனை பேர்? – 'டாப்' என்ற சிறு புரோகிராமின் வரலாறு

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அணைத்துவிட்டு மறுபடி போடுவோம். விண்டோஸ் வைத்திருப்பவர்களில் சிலருக்கு டாஸ்க் மேனேஜர் தெரிந்திருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பழைய வழி ஒன்று உண்டு. டெர்மினல் என்கிற கறுப்புச் சன்னலைத் திறந்து, ஆங்கிலத்தில் டி, ஓ, பி என்று மூன்று எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும். திரை நிறைய ஒரு பட்டியல் விரியும். எந்தெந்த வேலை ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது, சிபியுவில் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்கிறது, நினைவகத்தில் எத்தனை சதவீதம் என்று வரிசையாக இருக்கும். அதிகம் தின்பது தலைமாட்டில் நிற்கும். சில விநாடிக்கு ஒருமுறை பட்டியல் தானே மாறிக்கொள்ளும். கியூ எழுத்தை அழுத்தினால் மறைந்துவிடும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். இந்தப் புரோகிராமின் பெயர் டாப்.

பட்டியலுக்கு மேலே, முதல் வரியில் 0.42, 0.87, 1.65 என்பது போல மூன்று தசம எண்கள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. 'லோடு ஆவரேஜ்', அதாவது சராசரிச் சுமை என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்று எண்களின் கதைதான். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மாதம் தவறாமல் நாம் எழுதிக் கொடுத்த நிலுவைப் பட்டியலின் தூரத்து உறவு அது.

1950களின் கம்ப்யூட்டரில் 'யார் எவ்வளவு தின்கிறார்கள்' என்ற கேள்விக்கே இடமில்லை. புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, இயந்திர அறையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் அடுத்தவர் கட்டு உள்ளே போகும். விடை வாங்க மறுநாள்கூட ஆகலாம். இந்த முறையை மாற்றியது காலப் பகிர்வு என்ற யோசனை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு 1961 நவம்பரில் ஒரு ஐபிஎம் 709 இயந்திரத்தில் இதை இயக்கிக் காட்டியது. அதன் பெயர் சிடிஎஸ்எஸ். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவர் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டே போவதைப் போல, இயந்திரம் ஒவ்வொருவர் வேலைக்கும் ஒரு விநாடியின் சிறு துண்டைக் கொடுத்துக்கொண்டே போகும். சுற்று வேகமாக இருந்தால், தனக்கென்றே ஓர் ஆள் நிற்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். பந்தியில் ஆள் அதிகமானால்தான் குட்டு வெளிப்படும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லூயி பூஸேன் என்பவர் பிரான்ஸில் புல் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். 1963இல் எம்.ஐ.டி.க்குப் போய் சிடிஎஸ்எஸ் குழுவில் சேர்ந்தார். ஒரே வரிசையான கட்டளைகளைத் தினமும் திரும்பத் திரும்பத் தட்டுவது அவருக்கு அலுப்பாக இருந்தது. அவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, அந்தக் கோப்பையே ஓடச் சொல்கிற 'ரன்காம்' என்ற கருவியைச் செய்தார். நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே சேர்க்கும் புரோகிராமுக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இயக்க முறைமையின் மையப் பகுதிக்குப் பின்னாளில் கெர்னல், அதாவது பருப்பு என்ற பெயர் நிலைத்தது. ஷெல் அதன் மேல் ஓடு. பிரெஞ்சில் கொக்கீய். பிரெஞ்சு அச்சகத்தார் அச்சுப் பிழைக்கும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். கறுப்புத் திரையில் எழுத்தைத் தப்பாகத் தட்டித் தட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பொருத்தம் புரியும். ரன்காமின் சுருக்கமான ஆர், சி என்ற இரண்டு எழுத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

பகிர்ந்துகொள்ளத் தொடங்கியவுடன் சண்டையும் தொடங்கிவிடும் அல்லவா? இயந்திரம் ஏன் இன்று இவ்வளவு மெதுவாக இருக்கிறது, யாரால் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு எண்ணில் விடை சொன்ன முறைமைகளில் ஒன்று டெனெக்ஸ். மாசசூசெட்ஸில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனம் பிடிபி-10 என்ற இயந்திரத்துக்காக அதை எழுதியது. மின்னஞ்சல் முகவரியில் நாம் போடும் அட் குறியைத் தேர்ந்தெடுத்த ரே டாம்லின்சன் அதை எழுதியவர்களுள் ஒருவர். 1971இல் அவர் முதல் வலையஞ்சலை அனுப்பியதும் டெனெக்ஸ் இயந்திரங்களுக்கு இடையில்தான். அதில் கன்ட்ரோல் விசையோடு டி எழுத்தை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் நம் வேலை எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லும். செய்துகொண்டிருக்கும் வேலை நிற்காது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குத் தொடரும்.

டெனெக்ஸ் சுமையை எப்படி அளந்தது என்பது 1973 ஆகஸ்டில் வெளியான ஒரு குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இன்றைய இணையத்தின் தாயான ஆர்ப்பாநெட்டில் எண் போட்டுச் சுற்றுக்கு விட்ட குறிப்புகளில் அது 546ஆவது. அந்த ஆண்டு ஜூலை மாதத்துச் சுமையைப் பற்றியது. அதில் உள்ள விளக்கம் எளிமையானது. சிபியு ஒன்றே ஒன்று உள்ள இயந்திரத்தில் ஒரு மணி நேரத்தின் சராசரிச் சுமை 10 என்றால், அந்த மணி நேரத்தில் எப்போது எட்டிப் பார்த்தாலும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும், ஒன்பது வேலைகள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும். வங்கிக் கவுன்டர்தான். கவுன்டரில் நிற்பவர் ஒருவர், பின்னால் வரிசையில் ஒன்பது பேர். கவுன்டர்காரர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்று அந்த எண் சொல்லாது. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லும். உள்ளே போய் நிற்கப்போகிறவனுக்கு அதுதானே வேண்டும்?

இதற்கிடையில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பட்டியலிடும் 'பிஎஸ்' என்ற கட்டளை 1973இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பிஎஸ் தருவது புகைப்படம் போன்றது. தட்டிய கணத்தில் என்ன நிலையோ அது. அடுத்த விநாடி தெரிய வேண்டுமானால் மறுபடி தட்ட வேண்டும். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்கள் யூனிக்ஸின் மூன்றாம் வெளியீட்டில் 'அப்டைம்' என்ற கட்டளையைச் சேர்த்தார்கள். அது 1979 வாக்கில். இயந்திரம் எத்தனை நாளாக விழித்திருக்கிறது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், சராசரிச் சுமை என்ன என்று ஒரே வரியில் சொல்லும் கட்டளை அது. இன்றும் லினக்ஸில் தட்டிப் பார்க்கலாம்.

அந்தச் சுமை எண்கள் ஏன் மூன்று? கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. பள்ளிக்கூடத்துச் சராசரி போலக் கூட்டி வகுப்பதில்லை. புதிதாக எண்ணியதற்குக் கூடுதல் மதிப்பு, பழையதற்குக் குறைவு, மிகப் பழையது மெல்ல மங்கிவிடும் என்கிற கணக்கு. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிது என்றால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. சிறிது என்றால் கரைந்துகொண்டிருக்கிறது. மேலே நான் எழுதிய 0.42, 0.87, 1.65 என்பதைப் பார்த்தால், கால் மணி நேரம் முன்பு நெரிசல் இருந்தது, இப்போது கூட்டம் கலைகிறது என்று தெரியும். இந்த எண்ணைக் கவுன்டர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். இன்றைய சிபியு ஒன்றில் நான்கு, எட்டு மையங்கள் இருக்கின்றன. நான்கு மையம் உள்ள இயந்திரத்தில் சுமை 4 என்றால் எல்லாக் கவுன்டரிலும் ஆள் இருக்கிறார், பின்னால் வரிசை இல்லை என்று பொருள்.

இனி டாப். டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் லெஃபெவ்ர் 1984இல் அதை எழுதினார். டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் இயந்திரங்களில் ஓடிய விஎம்எஸ் என்ற முறைமையில், சிபியுவை அதிகம் தின்னும் வேலைகளைக் காட்டும் கட்டளை ஒன்று இருந்தது. யூனிக்ஸில் அப்படி ஒன்று இல்லையே என்று அவர் செய்தது இது. பட்டியலின் மேலே இருப்பது யார் என்று காட்டுவதால் டாப். பிஎஸ் புகைப்படம் என்றால் டாப் சினிமா.

சினிமா காட்டுவது அன்றைக்கு லேசான காரியம் இல்லை. அந்தக் கால டெர்மினல் என்பது தனியே ஒரு கம்பியில் தொங்கும் திரையும் விசைப்பலகையும். தொலைபேசி வழியாக இணைத்தவர்களுக்கு 1200 பாட் வேகம். அதாவது விநாடிக்குச் சுமார் 120 எழுத்து. ஒரு திரையில் வரிக்கு 80 எழுத்து வீதம் 24 வரி, ஆக 1920 எழுத்து. முழுத் திரையையும் புதிதாக எழுத 16 விநாடி ஆகும். சில விநாடிக்கு ஒருமுறை பட்டியலை மாற்ற வேண்டும் என்றால் எப்படி முடியும்? லெஃபெவ்ரின் புரோகிராம் முந்தைய திரையை நினைவில் வைத்துக்கொண்டு, எந்த எழுத்து மாறியதோ அதை மட்டும் அனுப்பியது. 12.5 என்பது 12.8 ஆனால், கடைசி ஓர் இலக்கம் மட்டும் கம்பியில் போகும்.

சிக்கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டாப்பும் ஒரு வேலைதானே? அதற்கும் சிபியு வேண்டும், நினைவகம் வேண்டும். ஏற்கெனவே திணறுகிற இயந்திரத்தில், ஏன் திணறுகிறது என்று பார்க்க வந்தது தானும் ஒரு பாரமாகக் கூடாது. டாப்பின் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அதில் 'டாப்' என்ற பெயரும் ஒரு வரியாக இருக்கும். தான் தின்பதையும் மறைக்காமல் அது கணக்கில் எழுதிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தணிக்கை நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த பிரிவு ஒன்றில் நிலுவை ஏன் அதிகமாக இருக்கிறது என்று பார்க்க ஒரு குழு வந்தது. அவர்களுக்கு மூன்று மேசை காலி செய்து கொடுத்தோம். கேட்ட கோப்புகளை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், கேட்ட புள்ளிவிவரத்தை எழுதிக் கொடுக்க இரண்டு ஆள், காபி டிபனுக்கு ஓர் ஆள். ஒரு வாரம் இருந்தார்கள். அந்த வாரத்தில் வந்த தபால்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. கடைசியில் அவர்கள் கொடுத்த அறிக்கையில், ஆய்வுக் காலத்திலும் நிலுவை கூடியிருப்பதாக ஒரு வரி இருந்தது. ஏன் கூடியது என்று இல்லை. தன் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளும் மேற்பார்வையாளரை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

டாப்புக்குத் தகவல் எங்கிருந்து கிடைத்தது? பழைய யூனிக்ஸில் பிஎஸ், டாப் இரண்டும் கெர்னலின் நினைவகத்துக்குள் நேரே கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தன. அதற்குத் தனி அனுமதி வேண்டும். கெர்னல் மாறினால் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் மாறிவிடும். புரோகிராமை மறுபடி தொகுக்க வேண்டும். புதிதாக வந்த பதிவறை எழுத்தர் அலமாரியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டுப் போனால் நாம் பட்ட பாடுதான். டாப் எழுதப்பட்ட அதே 1984இல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் ஒரு மாநாட்டில் மாற்று வழி சொன்னார். ஓடும் ஒவ்வொரு வேலையையும் ஒரு கோப்பாகக் காட்டிவிடலாம். வேண்டியவர் கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளட்டும். யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் இது வந்தது.

1992இல் லினக்ஸும் அதை எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. 'ப்ராக்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் உள் ஃபோல்டர். சராசரிச் சுமைக்கும் தனிக் கோப்பு ஒன்று. இவை எதுவும் வட்டில் எழுதி வைக்கப்பட்டவை இல்லை. யாராவது திறந்து கேட்கும்போது கெர்னல் அந்தக் கணத்தில் எழுதித் தருகிறது. யாரும் கேட்காவிட்டால் செலவே இல்லை. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை நான் மெச்சாமல் இருக்க முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். டெனெக்ஸ் கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது. சிபியுவுக்காகக் காத்திருப்பவர்களை மட்டுமே எண்ணுவது. வட்டிலிருந்து தகவல் வருவதற்காக முடங்கிக் கிடப்பவர்களை எண்ணுவதில்லை. யூனிக்ஸ் குடும்பம் வெவ்வேறு வழியில் போனாலும், லினக்ஸ் ஆரம்பத்தில் இந்த வழியில்தான் எண்ணியது. 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் லினக்ஸ் குழுவினரின் அஞ்சல் தொகுப்புக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பினார். அவர் காட்டிய முரண்பாடு இது. நினைவகம் போதாதபோது இயந்திரம் கொஞ்சத்தை வட்டில் இறக்கி வைத்து, பிறகு எடுத்துக்கொள்ளும். வேகமான வட்டைக் கழற்றிவிட்டு மெதுவான வட்டை மாட்டினால் என்ன ஆகும்? வேலைகள் எல்லாம் வட்டு வாசலில் அதிக நேரம் கிடக்கும். சிபியு வரிசையில் ஆள் குறையும். சுமை எண் இறங்கும். இயந்திரம் முன்னைவிட மெதுவாகிவிட்டது, அளவுகோலோ எல்லாம் சுகம் என்கிறது!

எழுத்தர் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நம் மாதாந்திர நிலுவைப் பட்டியலில் நடந்தது இதேதான். ஒரு கோப்பை இன்னொரு துறையின் கருத்துக்கு அனுப்பிவிட்டால் அது நம் மேசையில் இல்லை. நிலுவையில் ஒன்று குறையும். அந்தத் துறை எவ்வளவு தாமதம் செய்கிறதோ அவ்வளவுக்கு நம் பட்டியல் அழகாக இருக்கும். அனுப்பிய கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டால்தான் நமக்குக் கஷ்டம். ஆனால் அந்தக் கோப்பு யாருடையதோ அவர் – குடும்ப ஓய்வூதியம் கேட்டு எழுதிய ஒரு விதவை என்று வைத்துக்கொள்ளுங்கள் – காத்துக்கொண்டேதான் இருக்கிறார். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் பயன் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை.

உர்லிக்ஸின் திருத்தம் அவரைப் பட்டியலில் சேர்த்தது. ஓடிக்கொண்டிருப்பவை, முறைக்காகக் காத்திருப்பவை ஆகியவற்றோடு, வட்டு போன்ற ஒன்றுக்காக இடையில் எழுப்ப முடியாதபடி முடங்கியிருப்பவையும் சுமையில் சேர்ந்தன. டாப்பின் பட்டியலில் வேலையின் நிலையைக் காட்டும் ஒரு பத்தி உண்டு. ஆர் என்றால் ஓடத் தயார். எஸ் என்றால் உறக்கம். யாராவது விசையைத் தட்டினால் எழுந்துகொள்ளலாம் என்று சும்மா இருப்பது. டி என்றால் முடக்கம். ஆரும் டியும் கணக்கில் வரும், எஸ் வராது. சும்மா தூங்குகிறவனையும் கையைக் கட்டிப்போட்டுக் காக்கவைத்தவனையும் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சுமை எண் இப்போது எதை அளக்கிறது என்பது குழம்பிவிட்டது என்கிறார்கள். வலையில் எங்கோ இருக்கும் வட்டு பதில் சொல்லாமல் போனால், முப்பது வேலைகள் டி நிலையில் முடங்கும். சுமை 30 என்று காட்டும். சிபியுவோ ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் புதிய சிபியு வாங்கினால் பணம் வீண். நியாயமான பேச்சுதான். அதனால்தான் அனுபவசாலிகள் சுமை எண்ணோடு நிற்காமல், அதற்குக் கீழ் வரிகளில் சிபியு எத்தனை சதவீதம் சும்மா இருக்கிறது, எத்தனை சதவீதம் வட்டுக்காகக் காத்திருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். எங்கே தடை என்பதை அது சொல்லும். தடை இருக்கிறது என்பதைச் சுமை எண் சொல்லும். முதலில் தெரிய வேண்டியது பின்னது.

இன்னொரு வேடிக்கை. இந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பது காலப்போக்கில் பலருக்கு மறந்தே போயிற்று. லினக்ஸ் மட்டும் ஏன் இப்படி எண்ணுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2017இல் ப்ரெண்டன் க்ரெக் என்ற வல்லுநர் பழைய அஞ்சல் தொகுப்புகளைத் தோண்டி, 24 ஆண்டுக்கு முந்தைய அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்து வெளியிட்டார். நம் அலுவலகங்களிலும் ஆணை இருக்கும். அந்த ஆணை ஏன் பிறந்தது என்று சொல்லும் குறிப்புப் பக்கம் கிழிந்து போயிருக்கும். நல்ல வேளையாக இந்தக் குறிப்பை யாரும் எடைக்குப் போடவில்லை.

டாப்பின் கதை அதோடு முடியவில்லை. 2004இல் பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஹிஷாம் முகம்மது 'ஹெச்டாப்' என்ற புரோகிராமை வெளியிட்டார். முதல் எழுத்து அவர் பெயரின் எழுத்து. டாப்பில் அவருக்குச் சில குறைகள் பட்டன. பட்டியலைக் கீழே தள்ளிப் பார்க்க முடியவில்லை. ஒரு வேலையை நிறுத்த வேண்டுமானால் அதன் எண்ணை நினைவில் வைத்துத் தட்ட வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் வேறு ஏதோ செத்துப் போகும். ஹெச்டாப்பில் அம்புக்குறியால் அந்த வரிக்குப் போய் ஒரு விசையை அழுத்தினால் போதும். ஒவ்வொரு மையத்துக்கும் வண்ணக் கோடு, எந்த வேலை எதைப் பெற்றது என்று காட்டும் வம்ச விருட்சம் எல்லாம் உண்டு. அத்தனையும் அதே கறுப்புச் சன்னலுக்குள், எழுத்துகளாலேயே. நம் விருப்பங்களை அது 'ஹெச்டாப்ஆர்சி' என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்தீர்களா? லூயி பூஸேனின் ரன்காம்தான். பிரேசில்காரரின் புரோகிராமில் பிரெஞ்சுக்காரரின் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2018க்குப் பிறகு ஹெச்டாப்பில் புதிய வெளியீடு வராமல் இருந்தது. சம்பளம் வாங்காமல் ஒருவர் கட்டிக் காத்த பொருள். அவருக்கும் வேறு வேலைகள் இருக்கும் அல்லவா? 2020இல் பயன்படுத்துவோரில் சிலர் குழுவாகச் சேர்ந்து பொறுப்பை எடுத்துக்கொண்டு 3.0 என்ற பதிப்பைக் கொண்டுவந்தார்கள். இன்று ஹெச்டாப்பில் உதவி விசையை அழுத்தினால் முதல் வரியில் இரண்டு உரிமைகளும் அடுத்தடுத்து இருக்கும்: 2004 முதல் 2019 வரை ஹிஷாம் முகம்மது, 2020 முதல் ஹெச்டாப் குழு. பொறுப்பு ஒப்படைத்தவர், ஏற்றுக்கொண்டவர் என்று தேதியோடு கையெழுத்துப் போட்ட சான்று மாதிரி ஒழுங்காக இருக்கிறது.

இந்த வரலாற்றில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. யார் பார்க்கலாம்? பழைய யூனிக்ஸில் உள்ளே வந்த எவரும் எல்லார் வேலையையும் பார்க்கலாம். பேராசிரியர் புரோகிராம் இயந்திரத்தை விழுங்குகிறது என்று மாணவர் கண்டுபிடிக்கலாம். பின்னாளில் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2012 முதல் லினக்ஸில், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி உண்டு. 2016இல் ஆண்ட்ராய்டு கைபேசியும் அந்தத் திரையைப் போட்டது. ஒரு செயலி மற்ற செயலிகள் என்ன செய்கின்றன என்று இப்போது எட்டிப் பார்க்க முடியாது. வேவு பார்க்கும் செயலிகள் பெருகிய காலத்தில் இது தேவைதான். ஆனால் கைபேசியின் சொந்தக்காரருக்கும் மூன்று எழுத்தில் திறக்கும் சன்னல் ஒன்று கையில் இல்லை. மந்தமாகிறது, சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது. வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று அது தானாகச் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கே வாசல் கதவில் ஓட்டை இல்லாத வீடு போல.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறை டாப்பைத் திறந்து பாருங்கள். எதையும் கெடுத்துவிட மாட்டீர்கள். கியூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். மூன்று எண்களையும் பாருங்கள், உங்கள் சிபியுவின் மைய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு நிலைப் பத்தியில் டி எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், சிபியு சும்மா இருப்பதாகக் காட்டினாலும் அங்கே ஒருவர் கோப்பு திரும்பி வருவதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். 1993இல் ஒருவர் கடிதம் எழுதியிருக்காவிட்டால் அவர் எந்தக் கணக்கிலும் வந்திருக்க மாட்டார். நம் நிலுவைப் பட்டியலுக்கு அப்படி ஒரு கடிதம் யாரும் எழுதவில்லை.